பாறை முகட்டில் ஓட்டம்: மலையகத்தில் ஒரு பயிற்சியின் நிறையும் குறையும்

மலைத்தொடரின் உச்சி விளிம்பை ஒட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் ஏற்றத்தை விரைநடையாலும், சமதரையையும் இறக்கத்தையும் ஓட்டத்தாலும் கடப்பது முகட்டு ஓட்டம். மலைப்பாதை ஓட்டத்தின் கடினமான பிரிவு இது. 2003இல் தொடங்கிய, அல்ப்ஸின் மொன் பிளான் மலையைச் சுற்றும் ஓட்டம் மலைப்பாதை ஓட்டம் உலகெங்கும் பரவ உதவியது. 2013இல் மலைப்பாதை ஓட்டத்துக்கென ஒரு சர்வதேசச் சங்கம் அமைந்தது. 2015இல் உலகத் தடகள அமைப்பு அதைத் தடகளத்தின் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டது. இலங்கையில் முகட்டு ஓட்டத்துக்குப் பொருந்தும் நிலம் மலையகம் எனப்படும் மத்திய மலைநாடு. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து மேலேறும் பாதைகள், 2,000 மீற்றரைத் தாண்டிய பாறை முகடுகளில் முடிகின்றன. உடற்பயிற்சி என்ற அளவில் முகட்டு ஓட்டத்துக்குத் தெளிவான நன்மைகள் உண்டு. ஆனால் மலையகத்தின் நிலமும் வானிலையும், அந்த மலையில் உழைத்து வாழும் மக்களின் நிலையும் அதன் வழமையான வடிவத்துக்கு எளிதில் இணங்குவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்து எடைபோட்டால்தான் பயிற்சியின் மதிப்பு விளங்கும்.

நிலத்தின் மூன்று அடுக்குகள்

மலையகத்தின் ஒரு சரிவைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். முதலாவது தேயிலை. ஹட்டன் 1,271 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன; இந்த உயரங்களில் சரிவுகளைத் தேயிலையே நிறைத்துள்ளது. இரண்டாவது அடுக்கு, யூகலிப்டஸ் தோப்புகளும் மானாப்புல் வளர்ந்த தரிசுகளும் கொண்ட இடைப்பட்டி. மூன்றாவது, மேகக்காடும் பாறையும். அங்கே குட்டையான, முறுக்கிய மரங்கள் பாசி போர்த்தி நிற்கும். பாறைகள் பெரும்பாலும் கேம்பிரியனுக்கு முற்பட்ட உருமாற்றப் பாறைகள்: நைஸ், சார்னோகைட், குவார்ட்சைட். வெயில் காய்ந்த நாளில் இவற்றின் சொரசொரப்பு காலைப் பற்றிக்கொள்ளும். மழை பெய்து பாசி நனைந்த நாளில் அதே பாறை கண்ணாடியாகிவிடும்.

அல்ப்ஸிலும் பிரனீஸிலும் மரஎல்லைக்கு மேலே முகடு திறந்து கிடக்கும். ஓடுபவர் அடுத்த அரைக் கிலோமீற்றரைக் கண்ணால் பார்த்தபடி அடி வைக்கலாம். மலையகத்தின் முகடுகளோ மரஎல்லைக்குக் கீழே உள்ளவை. உச்சிவரை காடு மூடியிருக்கும். குட்டை மூங்கிலும் வேர்ப்பின்னலும் சேறும் நிறைந்த குகை போன்ற பாதையில் மூன்று அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. திடீரென்று காடு விலகி ஒரு பாறைத்தட்டு வரும். அதன் ஒரு பக்கம் பள்ளம். உலக வான்முகட்டு ஓட்டக் கூட்டமைப்பு 2,000 மீற்றருக்கு மேற்பட்ட மலையோட்டத்தையே தன் எல்லையாகக் கொள்கிறது. உயரக் கணக்கில் மலையக உச்சிகள் அதற்குள் வந்துவிடும். ஆனால் தூரப் பார்வையை நம்பி வளர்ந்த ஓர் ஓட்டமுறையைப் பார்வையே கிடைக்காத காட்டுக்குள் கொண்டுவந்தால், வேகம் தானாகவே ஆபத்தாக மாறுகிறது.

பாதைகள் வந்த வழி

இந்த மலைகளின் பாதைகளில் பெரும்பாலானவை ஓடுவதற்காக வெட்டப்பட்டவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள் அவற்றைக் கொத்தித் திறந்தனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின் மலை முழுவதும் தேயிலையானது. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. வண்டிப் பாதைகள் மெதுவான சரிவில் மலையைச் சுற்றிச் சென்றன. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் செல்லும் குறுக்குப் பாதைகள் செங்குத்தாக ஏறின. இன்று ஓடுபவர் ரசிக்கும் இரண்டு வகைப் பாதைகளும், மெதுவாக வளைவதும் செங்குத்தாக ஏறுவதும், இந்த வேலைப் பிரிவினையின் எச்சமே.

இந்த வலையமைப்பின் பெரும் பகுதியை ஒரே கோடாகக் கோத்ததுதான் பீக்கோ பாதை என்ற நடைவழி. இலங்கையில் வாழும் ஸ்பானியரான மிகேல் குனாட் வகுத்த இப்பாதைக்கு ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அபிவிருத்தி முகவரகமும் உதவின. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, 300 கிலோமீற்றருக்கும் அதிகமாக, 22 கட்டங்களாக நீண்டு நுவரெலியாவில் முடிகிறது. இதன் கட்டங்களில் பெரும்பாலானவை முகட்டில் செல்வதில்லை. மலையின் இடுப்பைச் சுற்றும் தோட்டப் பாதைகளிலேயே செல்கின்றன.

முகடு என்று சொல்லத்தக்க வழிகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது, நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு (2,243 மீற்றர்) ஏறும் படிவழி. இரண்டாவது, தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே புகையிரதத்திலிருந்து தெரியும் கிரேட் வெஸ்டர்ன் மலைத்தொடர். மூன்றாவது, ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் அமைந்த கிரிகல்பொத்தை. நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகாலை (2,524 மீற்றர்) பாதுகாப்பு வலயமாதலால் அங்கே விருப்பம்போல் ஏற முடியாது. ஏறக்கூடிய உச்சிகளில் கிரிகல்பொத்தையே உயரமானது.

உடலுக்குக் கிடைப்பது

முகட்டு ஓட்டத்தின் முதல் நன்மை ஏற்றத்தில் இருக்கிறது. 2002இல் மினெற்றி என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 45 என்ற சாய்வில் ஏறி ஓட, சமதரையில் ஓடுவதைவிட ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட சக்தி தேவைப்பட்டது. எனவே செங்குத்துப் பாதையில் விரைந்து நடந்தாலே இதயமும் நுரையீரலும் உச்ச அளவுக்கு உழைக்கும். அதே வேளை கால் தரையில் மோதும் அதிர்வு குறைவு. தார் வீதியில் பல மணிநேரம் ஓடிப் பெறவேண்டிய பயனை, மூட்டுகளுக்கு அவ்வளவு அடி விழாமல் பெறலாம்.

இரண்டாவது நன்மை அடிவைப்பின் பல்வகை. தார் வீதியில் ஒரே அசைவு ஆயிரக்கணக்கான முறை திரும்ப வருவதால் சில தசைநார்களுக்கு மட்டும் சுமை சேரும். பாறைப் பாதையில் ஒவ்வோர் அடியும் வேறு. கணுக்காலும் இடுப்பும் சமநிலை உணர்வும் இடைவிடாமல் பயிற்சி பெறும். மூன்றாவது, கவனத்தின் பயிற்சி. எங்கே மிதிப்பது, எங்கே கையூன்றுவது, எப்போது திரும்புவது என்ற தீர்மானங்கள் ஒவ்வொரு கணமும் தேவைப்படுகின்றன. நல்ல முகட்டு ஓட்டக்காரரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது நுரையீரலின் வலிமையைவிட இந்தத் தீர்மானத் திறனே.

உயரப் பயிற்சி என்று சொல்லப்படும் நன்மையை மட்டும் குறைத்தே மதிப்பிட வேண்டும். 2,000 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சு வாங்குவது அதனால்தான். ஆனால் இரத்தத்தில் சிவப்பணு பெருக வேண்டுமானால் ஏறத்தாழ 2,000 மீற்றரிலோ அதற்கு மேலோ வாரக்கணக்கில் தங்கியிருக்க வேண்டும். நுவரெலியா நகரமே அந்த வரம்புக்குச் சற்றுக் கீழேதான் உள்ளது. உச்சியில் ஒரு மணி நேரம் நின்று திரும்புவதால் இரத்தத்தில் மாற்றம் வராது. மலையகத்தின் கொடை செங்குத்து. அதன் உயரம் அல்ல.

உடல் கொடுக்கும் விலை

ஏற்றத்தில் கிடைத்த சலுகையை இறக்கம் திருப்பி வாங்கிக்கொள்ளும். மேற்சொன்ன ஆய்வின்படி நூற்றுக்கு 20 என்ற இறங்குசாய்வில் ஓடுவதற்குச் சமதரையின் பாதிச் சக்தியே போதும். மூச்சு எளிதாக இருப்பதால் ஓடுபவர் வேகத்தைக் கூட்டுகிறார். ஆனால் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தடுக்க வேண்டியிருப்பதால் அதன் நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். இதற்குத் தசை பழகிக்கொள்ளும்: ஒருமுறை மிதமாக இறங்கி ஓடினால் அடுத்த சில வாரங்களுக்குப் பாதிப்புக் குறையும். பழகாமல் நேரே பெரிய மலைக்குப் போவதே தவறு.

சிவனொளிபாத மலை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற்றம். 5,000க்கும் மேற்பட்ட படிகள். மலைநடைக்கு ஆகும் நேரத்துக்கு நெய்ஸ்மித் என்பவர் 1892இல் வகுத்த கணிப்பு, 5 கிலோமீற்றருக்கு ஒரு மணியும், 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணியும் கொடுக்கும். அதன்படி இந்த ஏற்றத்துக்கு மூன்று மணித்தியாலம் அளவில் ஆகும். யாத்திரிகர்கள் எடுக்கும் நேரமும் அதையொட்டியதே. நன்கு பயின்றவர் இதைப் பெரிதும் குறைக்கலாம். ஆனால் இறங்கும்போது படிகளின் உயரம் ஒன்றுபோல் இராது. ஓட்டத்தின் தாளம் படியின் அளவோடு ஒத்துப்போகாத இடத்தில் முழு உடலின் பாரமும் ஒரு முழங்காலில் விழும். மண்பாதையில் வழுக்கி விழுபவர் சிராய்ப்போடு எழுவார். கற்படியில் விழுபவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

வானிலை, விலங்கு, மீட்பு

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கங்களை நனைக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட, காற்று வீசும் மாதங்களே இப்பகுதியின் டிம்புளைத் தேயிலைக்குப் பேர்போன காலம்; முகட்டு ஓட்டத்துக்கும் அதுவே ஏற்ற காலம். மற்ற மாதங்களில் காலையில் தெளிந்த வானம் பிற்பகலில் மூடிக்கொள்வது வழக்கம். வெப்பநிலை ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ ஆறு பாகை குறைவதால், கீழே சட்டை நனைய வியர்த்தவர் மேலே அதே நனைந்த சட்டையோடு காற்றில் நிற்க நேரும். வெப்பமண்டல நாட்டில் குளிர் கொல்லாது என்ற எண்ணம் இங்கே பெரும் பிழை. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீற்றர் மலையோட்டத்தில் திடீர்க் குளிர்மழையும் காற்றும் தாக்கி 21 பேர் இறந்தனர். குளிர் தாங்கும் மேலங்கியை எடுத்துச்செல்வது அங்கே கட்டாயமாக இருக்கவில்லை.

மழையின் இன்னொரு முகம் மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா சூறாவளி கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பெரும் சரிவுகளை உண்டாக்கியது. இத்தகைய நிலத்தில் பழைய வரைபடத்தையோ கைக்கடிகாரத்தில் ஏற்றிய பாதைக்கோட்டையோ அப்படியே நம்பி ஓடுவது பொறுப்பாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது பாதணி கட்டுவதற்கு முந்திய வேலையாக இருக்க வேண்டும்.

மலையகத்துக்கே உரிய ஆபத்து குளவி. மரத்திலும் தேயிலைச் செடிக்குள்ளும் கூடு கட்டும் குளவிகள் கலைந்து கொட்டியதால் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது மலையகச் செய்திகளில் ஓயாமல் வருவது. கொழுந்து எடுப்பவர்களுக்கு எந்த மலையில் கூடு இருக்கிறது என்பது தெரியும். வெளியூரிலிருந்து வந்து ஓடுபவருக்குத் தெரியாது. அட்டைக்கடி தொல்லை மட்டுமே. குளவிக்கொட்டு உயிரைக் குடிக்கும். சிறுத்தைகளும் தேயிலைக்கும் முகட்டுக் காட்டுக்கும் இடையே நடமாடுகின்றன. அவை மனிதரைத் தவிர்ப்பவை. காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் சுருக்குக் கம்பியே அவற்றுக்கு எமன்: 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் கம்பியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை இறந்தது. அதே கம்பி, பாதை விலகி ஓடுபவரின் காலுக்கும் பொறியே.

விபத்து நடந்தால் என்ன ஆகும்? 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் வாகன வீதிவரைதான் வரும். வீதியை எட்டியபின் சிகிச்சைக்கு, 2017இல் புதிய கட்டடம் பெற்ற டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை உண்டு. ஆனால் முகட்டிலிருந்து வீதிவரை காயப்பட்டவரைத் தூக்கி வருவதற்குத் தனியான மலைமீட்பு அணி எதுவும் காத்திருப்பதில்லை. அந்தச் சுமை கடைசியில் அருகிலுள்ள தோட்டத்து இளைஞர்களின் தோளில்தான் இறங்குகிறது.

மண்ணும் காடும்

தேயிலைச் சரிவில் மண் நிற்பதற்குக் காரணம் குறுக்கே வெட்டிய கான்களும் கல் அடுக்கிய வரம்புகளும். பாதையின் வளைவைத் தவிர்த்து நேரே இறங்கும் ஓடுபவர்கள் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் மிதித்தால் அது அடுத்த மழையில் நீரோடும் வாய்க்காலாகிவிடும். கானுக்குப் போகவேண்டிய நீர் செடிகளின் வேரைக் கழுவும். மேகக்காட்டில் சேதம் இன்னும் நுண்மையானது. அங்கே மண் மெல்லியது. செடிகளின் வளர்ச்சி மிக மெதுவானது. சேற்றுக்குழியைத் தவிர்க்கப் பாதையின் ஓரமாக ஓடும்போது பாதை அகன்றுகொண்டே போகும்.

சிவனொளிபாத வனமும் ஹோர்ட்டன் சமவெளியும் 2010இல் உலக மரபுரிமைச் சின்னமான மத்திய மலைநாட்டின் பகுதிகள். மகாவலி, களனி, வளவை ஆறுகளின் ஊற்றுகள் ஹோர்ட்டன் சமவெளியில் உள்ளன. மூக்கில் கொம்புள்ள சிறிய ஓணான் போன்ற, வேறெங்கும் இல்லாத உயிர்கள் இங்கே மரத்தண்டிலும் பாதையோரத்திலும் அசையாமல் இருக்கும். நடப்பவர் அதைக் கண்டு நிற்பார், ஓடுபவருக்குத் தெரியாது. ஒருவர் ஓடுவதால் காடு அழியாது. ஆனால் நூறுபேர் ஒரே காலையில் ஓடும் போட்டியைப் பூங்காவுக்குள் நியாயப்படுத்துவது கடினம்.

வேலைத்தளத்தில் ஓடுவது

மலைப்பாதை ஓட்டத்தைப் பரப்புபவர்கள் அதைச் சுதந்திரத்தின் விளையாட்டு என்பார்கள்: பாதை இலவசம், நிலம் எல்லோருக்கும் பொது. மலையகத்தில் இந்த வாதம் நிற்காது. சரிவின் கீழ்ப்பாதி 1992 முதல் தனியார் கம்பனிகள் நிர்வகிக்கும் தோட்டம். மேற்பாதி அரசின் பாதுகாக்கப்பட்ட காடு. இடையில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று ஒன்றில்லை. அதைவிட முக்கியம், தோட்டப்பாதை ஒரு வேலைத்தளம். வேலை பகிரும் காலைப் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும் பெண்களும், கொழுந்துச் சாக்கோடு மடுவத்துக்கு இறங்குபவர்களும் அந்தப் பாதையில்தான் போகிறார்கள். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழும். நிறுவைக்கு நேரத்தில் போகவேண்டியவரை வழிவிட்டு ஒதுங்கச் சொல்லும் உரிமை, பொழுதுபோக்குக்காக ஓடுபவருக்கு இல்லை.

சமனற்ற நிலை பாதணியிலும் தெரிகிறது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனங்களின் மலையோட்டச் சப்பாத்து ஒரு சோடி, ஒரு மாத உழைப்பை விழுங்கிவிடக்கூடியது. இந்தச் செங்குத்தில் பாடசாலைக்கு நடந்தே வளரும் தோட்டத்துப் பிள்ளைகளே இவ்விளையாட்டுக்கு இயல்பாகப் பொருத்தமானவர்கள். ஆனால் நுழைவுக் கட்டணம், உபகரணம், போக்குவரத்து மூன்றும் அவர்களை வெளியே நிறுத்துகின்றன. பாதையோரத் தேநீர்க்கடை, தங்குமிடம், வழிகாட்டல் என்று வருமானம் வர வாய்ப்புண்டு. பீக்கோ பாதையின் நோக்கங்களில் அதுவும் ஒன்று. அந்த வருமானத்தில் எவ்வளவு லயங்களுக்குப் போகும் என்பது தங்குமிடத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதைப் பொறுத்தது. வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பம் விருந்தினர் விடுதி நடத்த முடியாது. நடந்து செல்பவர் கடையில் அமர்ந்து தேநீர் குடிப்பார். ஓடுபவர் தன் தண்ணீரையும் இனிப்புக்கூழையும் முதுகில் சுமந்தபடி அதே கடையைக் கடந்துவிடுவார். உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு முன்னவரே பயன் தருபவர்.

சிவனொளிபாத மலையில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. டிசெம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை அது நான்கு மதத்தினரும் ஏறும் யாத்திரைத் தலம். முதியவர்களும் கைக்குழந்தையோடு தாய்மாரும் இரவெல்லாம் படியேறுவார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரத்தைப் பதிவு செய்ய ஓடுவது பாதுகாப்பும் அன்று, மரியாதையும் அன்று. பருவம் முடிந்தபின் கூட்டம் இராது; ஆனால் படிகளில் விளக்கும் இராது, மழையும் தொடங்கிவிடும். யாத்திரைப் பருவத்தின் வார நாட்களில், கூட்டம் குறைந்த பகல் வேளை மட்டுமே ஓரளவு இடந்தரும்.

கடிகாரத்தின் கேடு

மேற்சொன்ன குறைகள் அனைத்தையும் கூர்மையாக்குவது நேரக் கணக்கு. முகட்டு ஓட்டத்தின் சிறந்த பயன் தீர்மானத் திறன். போட்டி வடிவம் அந்தத் திறனுக்கே தண்டனை விதிக்கிறது. பாறை நனைந்திருப்பதைக் கண்டு வேகத்தைக் குறைப்பவர் பின்தங்குகிறார். மேகம் மூடுவதைப் பார்த்துத் திரும்புபவர் ‘முடிக்காதவர்’ பட்டியலில் சேர்கிறார். குளவிக்கூட்டைச் சுற்றிப் போகும்படி ஒரு தொழிலாளி சொன்னதைக் கேட்பவர் பாதை மாறியதற்காக நீக்கப்படலாம். செயலிகளில் பதிவாகும் தனிநபர் வேகப் பட்டியல்கள் இந்தத் தண்டனையையே போட்டி நாளோடு நிறுத்தாமல் ஆண்டு முழுவதும் நீட்டிக்கின்றன. ஒழுங்கான போட்டியில் கட்டாய உபகரணமும் மாற்றுவழியும் மருத்துவ நிலையமும் இருக்கும். பட்டியலுக்காகத் தனியே ஓடுபவருக்கு அவை ஒன்றும் இல்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. போட்டி இல்லாவிட்டால் பணமும் கவனமும் வராது, பாதை பராமரிக்கப்படாது, திறமையான உள்ளூர் இளைஞர் வெளியே தெரியமாட்டார். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த நன்மைகள் போட்டிக்கு உரியவையே தவிர முகட்டுக்கு உரியவை அல்ல. தோட்ட வண்டிப்பாதைகளில் கம்பனியின் அனுமதியோடு, வேலை இல்லாத ஞாயிறு அன்று, உள்ளூர் விளையாட்டுக் கழகங்களுக்குக் கட்டணமின்றி இடமளித்து நடத்தும் ஓட்டமும் அதே நன்மைகளைத் தரும். அங்கே பாதை அகலமானது, அம்புலன்ஸ் வந்துசேரும், மண் மிதியைத் தாங்கும்.

மதிப்பீடு

ஆக, இப்பயிற்சியை இரண்டாகப் பிரித்து மதிப்பிடுவதே பொருத்தம். தேயிலை அடுக்கில் ஓட்டம் வலுவான பயிற்சி: ஏற்றம் தாராளம், மீட்பு எளிது, சேதம் குறைவு. அங்கே நிறைவேற்ற வேண்டியவை மூன்று: அனுமதி, வேலைநேரத்தைத் தவிர்த்தல், சுமையோடு வருபவருக்கு ஒதுங்கி நின்று வழிவிடுதல். முகட்டு அடுக்கில் ஓட்டத்தின் பலன் சிறிது, விலை பெரிது. பார்வை கிடைக்காத காட்டிலும் ஈரப்பாறையிலும் வேகம் சேர்க்கும் பயன், அதே இடத்தை விரைந்து நடப்பதால் கிடைப்பதைவிட மிக அதிகமில்லை. ஏற்றத்தில் நடையே போதுமான உழைப்பு. எனவே மலையகத்துக்குரிய வடிவம், தோட்டப்பாதையில் ஓடி, முகட்டில் நடந்து, மீண்டும் தோட்டப்பாதையில் ஓடும் கலப்பு முறையாகும். நேரத்தைக் கணக்கிட விரும்புபவர் கீழ்ப்பகுதிக்கு மட்டும் கணக்கிடலாம்.

நிகழ்ச்சி நடத்துபவர்களை அளக்கவும் இதிலிருந்தே அளவுகோல் கிடைக்கிறது. மழைக்காப்பு மேலங்கி கட்டாயமா, முகட்டுப் பகுதியில் எடுத்த நேரம் போட்டிக் கணக்கிலிருந்து நீக்கப்படுகிறதா, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது, குளவிக்கூடுகள் பற்றித் தோட்டத்தாரிடம் கேட்டறியப்பட்டதா, தூக்கிச் சுமக்கும் இளைஞர்களுக்கு ஊதியமும் பயிற்சியும் உண்டா, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு பாதை வெட்டுபவர்களுக்குப் போகிறதா என்ற கேள்விகளுக்கு நல்ல விடை சொல்லும் நிகழ்ச்சியே மலையகத்துக்கு ஏற்றது. இவற்றில் பாதிக்குக்கூட விடையில்லாத நிகழ்ச்சி, எத்தனை அழகான முகட்டில் நடந்தாலும், தவிர்க்கத்தக்கதே.